நடக்காததை எண்ணுவது எப்படி?

டிஸ்கி: இது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுற கால்பந்து பற்றிய பதிவு இல்லை. பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பேர் வைத்த அமெரிக்கர்களின் ஆட்டம் பற்றியது. பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட் என்று டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிற இர்விங்குக்கு மூட்டை கட்டினேன். டாலஸுக்குப் பக்கத்து ஊர். டாலஸ் கௌபாய்ஸ் அணியின் பழைய மைதானம் இந்த ஊரில்தான் இருந்தது. 2010-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் பேச்சில் அது இன்னும் அங்கேயேதான் நிற்குது.

ஆபீஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு அமெரிக்கப் பெரியவர். அறுபது வயசைத் தாண்டியவர். ராத்திரி ஓடுற பேட்ச் ஜாப்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். கௌபாய்ஸ் பேச்சை எடுத்தால் மட்டும் மனுஷன் நிறுத்த மாட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு டிவி முன்னாடி உட்கார வைத்தார். எனக்கு ஒண்ணுமே புரியலை. நாலு செகண்ட் ஆடுறாங்க, நாப்பது செகண்ட் நிக்கிறாங்க. நடுவுல விளம்பரம்.

"பந்து எங்க போகுதுன்னு பார்க்காதே. எங்க போக முடியாமப் போச்சுன்னு பாரு" என்றார்.

அன்னைக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறினதுக்கு அப்புறம் எழுதுகிற பதிவு இது.

முதலில் ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு பத்தி. ஒரு பக்கம் பதினோரு பேர். நூறு யார்டு மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிரிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 பாயிண்ட். ஓடியும் போகலாம், எறிந்தும் போகலாம். எறிகிறவர் பேர் குவார்ட்டர்பேக். அவர்தான் ஹீரோ, விளம்பரம் எல்லாம் அவருக்குத்தான்.

எதிரில் நிற்கிற பதினோரு பேர் தடுப்பாட்டக்காரர்கள். நம்ம கபடி மாதிரி யோசிச்சுப் பாருங்க. பாடி வர்றவன் பேர்தான் ஊருக்குத் தெரியும். மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவன் பேரு அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனால் கால் சிக்கலைன்னா மேட்ச் போச்சு.

நம்ம பொட்டி தட்டுற புத்திக்கு இந்த ஆட்டத்தில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விட்டு விட்டு ஆடுவதால் ஒவ்வொரு ப்ளேயும் எக்செல் ஷீட்டில் ஒரு வரி. எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை யார்டு பாக்கி, மைதானத்தில் எந்த இடம், என்ன ஆடினார்கள், எத்தனை யார்டு கிடைத்தது. எண்ணுவதற்கென்றே செய்து வைத்த ஆட்டம். ஆனால் எதை எண்ணுவது என்பதில்தான் எழுபது வருஷமாகத் தகராறு.

இன்ஜினியர் ஒருவர் வந்தார்

1950-களில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் டாம் லேண்ட்ரி என்று ஒரு ஆட்டக்காரர். இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் துணை விமானியாக 30 முறை பறந்தவர். அப்புறம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தார். ஆமாம், நம்ம ஜாதி :-)

1954-ல் ஆடிக்கொண்டே தடுப்பாட்டத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதே அணியில் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் வின்ஸ் லம்பார்டி. பின்னாளில் சாம்பியன் கோப்பைக்கே அவர் பேர்தான் வைத்தார்கள். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸில்!

அதுவரை தடுப்பாட்டம் என்றால் எதிரில் நிற்கிறவனை இடித்துத் தள்ளிவிட்டுப் பந்தைத் துரத்து என்பதுதான். லேண்ட்ரி அப்படி யோசிக்கவில்லை. எதிரணியின் படச்சுருள்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கணக்கு எழுதினார். மூணாவது வாய்ப்பு, ரெண்டு யார்டு பாக்கி, ஆட்கள் இப்படி நிற்கிறார்கள் என்றால் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? கம்ப்யூட்டர் இல்லாமலே எஸ்க்யூஎல்லில் க்ரூப் பை போட்டுட்டார் மனுஷன்.

அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு தடுப்பாட்டக்காரருக்கும் ஒரு இடைவெளியைப் பிரித்துக் கொடுத்தார். பந்து பின்னாடி ஓடாதே, உன் இடத்தை விடாதே. முன்வரிசையில் நாலு பேர், பின்னால் மூணு லைன்பேக்கர்கள். 4-3 என்று இன்றைக்கும் சொல்கிற அமைப்பைப் பிரபலமாக்கியவர் அவர்தான். அதன் நடுவில் 1956-ல் வந்து சேர்ந்தவர் சாம் ஹஃப். அந்த வருஷமே ஜயண்ட்ஸ் சாம்பியன். இறுதிப் போட்டியில் சிகாகோ பேர்ஸை 47-7 என்று நொறுக்கினார்கள்.

1958 டிசம்பரில் நடந்தது இன்னும் சுவாரசியம். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியில் ஜிம் பிரவுன் என்று ஒரு ராட்சசன். அந்த சீசனில் 12 ஆட்டத்தில் 1,527 யார்டு ஓடினார். டிசம்பர் 14-ல் ஜயண்ட்ஸுக்கு எதிராகவே 65 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர். ஒரே வாரம் கழித்து, டிசம்பர் 21-ல், மறுபடி அதே ரெண்டு அணிகள். பிரவுன் 7 தடவை பந்தை எடுத்து மொத்தம் ஓடியது 8 யார்டு. ஜயண்ட்ஸ் 10, பிரவுன்ஸ் 0. ஒரு இன்ஜினியரின் நோட்டுப் புத்தகத்துக்குக் கிடைத்த வெற்றி.

"அப்ப டேட்டாவே கெலிச்சுதுன்னு சொல்லு" என்று முடித்துவிடலாம். ஆனால் அடுத்த வாரம் என்ன ஆச்சு?

டிசம்பர் 28, சாம்பியன் போட்டி. பால்டிமோர் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸ். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. லீகின் சாம்பியன் போட்டி ஒன்று அப்படி முடிவானது அதுதான் முதல் முறை. பந்தை எறிவார் எறிவார் என்று எதிர்பார்த்து சாம் ஹஃப் பின்னால் தள்ளி நிற்பதை யுனைடஸ் கவனித்துவிட்டார். அவர் விட்டுப்போன நடு இடைவெளி வழியாகவே ஆலன் அமீச்சியிடம் பந்தைக் கொடுத்து ஓட விட்டார். 23-17, கோல்ட்ஸ் வெற்றி.

இதில் ஒரு பாடம் இருக்கு. மழை பெய்யும் என்று நீங்கள் கணித்தால் அதைக் கேட்டு மழை மனசு மாறாது. எதிரணி மாறும். நீங்கள் அவன் பழக்கத்தை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்த நிமிஷமே அவன் பழக்கத்தை மாற்றுவான். பிற்காலத்தில் டாலஸ் கௌபாய்ஸின் தலைமைப் பயிற்சியாளரான லேண்ட்ரியே, ஆட்டம் தொடங்குவதற்கு முன் தன் ஆட்களை எழுந்து உட்கார வைத்து, இடம் மாற்றி எதிரணியின் கண்ணைக் கட்டினார். எந்தக் கணக்கைக் கண்டுபிடித்தாரோ அதே கணக்கை உடைக்கிற வேலை!

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்

1960-ல் டாலஸ் கௌபாய்ஸ் தொடங்கின முதல் சீசனில் லேண்ட்ரிக்கு ஒரு வெற்றி கூடக் கிடைக்கவில்லை. 11 தோல்வி, ஒரு சமன். அந்த அணியின் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம். 1960 குளிர்கால ஒலிம்பிக்ஸில் டிவி வேலைக்காகப் போனபோது அங்கே முடிவுகளைக் கணக்கிட்ட ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பார்த்து அசந்துபோனவர். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தினால் என்ன என்று ஐபிஎம்மின் துணை நிறுவனத்தை அணுகினார்.

அவர்கள் அனுப்பிய ஆள் யாரு? சலாம் குரேஷி. இந்தியாவில் பிறந்து, அலிகாரில் படித்த புள்ளியியல்காரர். கிரிக்கெட் தெரியும், அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாது. பெரியவர் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது. ஆன்சைட் போய், தெரியாத டொமைனில் ரெக்வயர்மெண்ட் கேட்டுக் கோடு எழுதிய நம் முன்னோடி 1960-களிலேயே இருந்திருக்கிறார்!

அவர் மாட்டிக்கொண்ட சிக்கலும் நாம் தினம் மாட்டிக்கொள்கிறதுதான். ஆட்டக்காரர்களைப் பார்த்து வரும் ஆட்கள் ஆளுக்கொரு பாஷையில் எழுதுவார்கள். ஒருத்தர் "நல்ல வேகம்" என்பதும் இன்னொருத்தர் "நல்ல வேகம்" என்பதும் ஒன்றா? எந்தச் சொல்லுக்கு என்ன எண்? எல்லோரிடமும் பேசி, கடைசியில் ஐந்து குணங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடத்தை, சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, புத்திக் கூர்மை, வலுவும் வெடிப்பும். கௌபாய்ஸ் 1966 முதல் 1985 வரை தொடர்ந்து 20 சீசன்கள் தோல்வியை விட வெற்றியே அதிகம் பார்த்தார்கள். அதெல்லாம் கம்ப்யூட்டரால்தான் என்று ஜல்லி அடிக்க மாட்டேன். ஆனால் வார்த்தையை எண்ணாக்குவதற்கு முன் வார்த்தைக்கு அர்த்தம் பேசி முடிக்கணும் என்பதை அவர்கள் அப்பவே செய்துவிட்டார்கள்.

யார்டு ஏமாற்றும்

அடுத்தவர் ஒரு ஆட்டக்காரர். வெர்ஜில் கார்ட்டர், சிகாகோ பேர்ஸின் குவார்ட்டர்பேக். அதே சமயம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ மாணவர். பேராசிரியர் ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து 1969 சீசனின் முதல் 56 ஆட்டங்களை, 8,373 ப்ளேக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். 1971-ல் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் இதழில் கட்டுரை வந்தது.

கேள்வி ரொம்ப எளிசு. மைதானத்தில் இந்த இடத்தில் பந்து கையில் இருந்தால், அடுத்து விழப்போகும் பாயிண்ட் சராசரியாக எவ்வளவு? எதிரியின் எல்லைக்கு 5 யார்டில் இருந்தால் 6.041. நம் எல்லைக்கு 5 யார்டில் இருந்தால் மைனஸ் 1.245. கவனிங்க, மைனஸ். பந்து உங்க கையில், ஆனால் அடுத்த பாயிண்ட் எதிரிக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

தடுப்பாட்டத்தை அளக்க இது எப்படி உதவும்? தடுப்பணிகளை வழக்கமாகத் தரம் பிரிப்பது விட்டுக்கொடுத்த யார்டை வைத்து. மூணாவது வாய்ப்பில் 15 யார்டு தேவை, எதிரி 12 யார்டு ஓடினான். யார்டுக் கணக்கில் தடுப்பணிக்கு அவமானம். உண்மையில் ஜெயித்தது அவர்கள்தான், பெரும்பாலும் பந்து கைமாறப் போகுது. மூணாவது வாய்ப்பில் ஒரு யார்டு தேவை, ஒரே யார்டுதான் விட்டார்கள். கணக்கில் பிரமாதம். உண்மையில் தோல்வி, எதிரிக்கு இன்னும் நாலு வாய்ப்பு. கார்ட்டர் காட்டிய வழியில் ஒவ்வொரு ப்ளேக்கும் முன்னால் என்ன மதிப்பு, பின்னால் என்ன மதிப்பு என்று கழித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1988-ல் வந்த 'தி ஹிடன் கேம் ஆஃப் ஃபுட்பால்' புத்தகமும், 2003-ல் தொடங்கிய ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் தளமும் இந்த வழியில்தான் மேலே போனார்கள்.

ஏட்டில் இல்லாதவர்கள்

இப்ப பெரியவரின் கோபத்துக்கு வருவோம். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே அவரை மடக்கி வீழ்த்துவதற்கு "சாக்" என்று பேர். தடுப்பாட்டத்திலேயே ஜனங்க எழுந்து நின்று கத்துகிற விஷயம் அதுதான். ஆனால் லீக் அதைத் தனி ஆட்டக்காரர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982-ல்.

பெரியவரின் கடவுள் பாப் லில்லி, கௌபாய்ஸின் தடுப்பு வரிசையில் 1961 முதல் 1974 வரை ஆடியவர். அதிகாரபூர்வ ஏட்டில் அவர் பேருக்கு நேரே ஒரு சாக் கூடக் கிடையாது. அந்த வார்த்தையையே பிரபலமாக்கிய டீக்கன் ஜோன்ஸுக்கும் அதே கதி. 1978-ல் முதல் சீசனிலேயே பப்பா பேக்கர் எடுத்த 23 சாக்கும் அந்த ஏட்டில் இல்லை.

இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் தோண்டினார்கள். 2021-ல் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் 1960 வரை பின்னோக்கிப் போய் அந்தக் கணக்கை வெளியிட்டது. டீக்கன் ஜோன்ஸுக்கு 173.5. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து மூன்றாவது இடம். லீக் இன்னும் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. ஜோன்ஸ் 2013-லேயே இறந்துவிட்டார்.

இதுவாவது நடந்த விஷயம், எண்ணாமல் விட்டார்கள். நடக்காத விஷயத்தை என்ன செய்வது?

ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் நாம்டி அசோமுகா என்று ஒரு கார்னர்பேக். எறியும் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடுவது அவர் வேலை. 2006-ல் எதிரணி எறிந்த பந்துகளில் 8-ஐ இடைமறித்துப் பிடித்தார். 2007-ல் ஒன்று. 2008-ல் ஒன்று. ஆள் சரிந்துவிட்டாரா? இல்லை. அவர் இருக்கும் பக்கம் பந்து எறிவதையே எதிரணிகள் குறைத்துவிட்டன. இடைமறிப்புகளை மட்டும் எண்ணுகிற ஒருவர் கையில் ஏடு இருந்திருந்தால், லீகின் ஆகச் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவரை "பர்ஃபார்மன்ஸ் குறைஞ்சுடுச்சு" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அந்த மாதிரி ஒரு ஏட்டை நானே எழுதியிருக்கேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

இர்விங்கில் என் முதல் ஆணியே ஒரு டேஷ்போர்ட். யார் மாதத்துக்கு எத்தனை டிக்கெட் முடிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம். கலர் கலராப் போட்டுக் கொடுத்தேன். மேலிடத்தில் கை தட்டினார்கள். பட்டியலில் கடைசியில் சிவப்பில் நின்றவர் பக்கத்து இருக்கைப் பெரியவர். அவருடைய பேட்ச் ஜாப்கள் விழுவதே இல்லை. விழாததால் டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாததால் பாருக்கு நீளம் இல்லை. அடிக்கடி விழுகிற சிஸ்டத்தை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூக்கி நிறுத்திய நான் பட்டியலில் மூணாவது.

ஆறு மாசத்தில் ஆள் குறைப்பு வந்தது. அவர் போனார். என்னோட ரிப்போர்ட்டால் மட்டும்தான் என்று சொல்ல முடியாது, சம்பளம், வயசு எல்லாம் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் திரையில் இருந்தது என் ரிப்போர்ட். அட்டைப்பெட்டியில் சாமான்களை எடுத்து வைக்கும்போது ஒரு பொடியன் மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன். "நீ நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்று தோளைத் தட்டிட்டுப் போனார்.

சினிமாவாக இருந்தால் அடுத்த வாரம் அவர் சிஸ்டம் விழுந்திருக்கும், எல்லோரும் அவரைத் தேடியிருப்பார்கள். விழவில்லை. அவ்வளவு நல்லாக் கட்டி வைத்திருந்தார். நான் கிளம்பி ஊருக்கு வரும் வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொடுமை என்றால் அதுதான்.

இப்போது

2014 முதல் ஆட்டக்காரர்களின் தோள் கவசத்தில் சில்லு வைக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே, என்ன வேகத்தில் என்பதை செகண்டுக்குப் பத்து தடவை சொல்லும். 22 பேர், ஆறு செகண்ட் ப்ளே என்றால் 1,320 வரி. பந்து வராத பக்கம் நிற்கிறவனும் முதல் முறையாக டேட்டாவில் வந்துவிட்டான்.

2019 முதல் லீக் இந்த டேட்டாவில் ஒரு பகுதியை வெளியே கொடுத்து பிக் டேட்டா பவுல் என்று போட்டி வைக்கிறது. 2019 கடைசியில் வைத்த போட்டியில் கேள்வி: ஓடுகிறவன் எத்தனை யார்டு போவான்? ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள். ஜெயித்தது ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரெண்டு பேர். அவர்களின் மாடல் முக்கியமாகப் பார்த்தது ஒவ்வொரு தடுப்பாட்டக்காரரும் ஓடுகிறவனிடமிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், என்ன வேகம் என்பதை. சுருக்கமாச் சொன்னா, பந்து வைத்திருப்பவனைப் பற்றிய கேள்விக்குப் பதில் அவனைச் சுற்றி இருப்பவர்களிடம் இருந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. இவன் அந்த இடத்தில் நிற்கிறான் என்று சில்லு சொல்லும். அங்கே நிற்கச் சொன்னார்களா, வழி தவறி வந்து நிற்கிறானா என்று சொல்லாது. அது பயிற்சியாளரின் நோட்டில்தான் இருக்கு. லேண்ட்ரி 1950-களில் எழுதிய அதே மாதிரி நோட்டு.

ஊருக்கு வந்த பிறகு 1999 முதலான ப்ளே கணக்குகளை இறக்கி வாரக் கடைசிகளில் நோண்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதைய ஆபீஸிலும் ஒரு டேஷ்போர்ட் கேட்டார்கள். இந்த முறை ஒரு பத்தி கூடுதலாகப் போட்டேன்: கடைசியாக விழுந்து எத்தனை நாள் ஆச்சு. "இது எதுக்கு, எல்லாம் பெரிய பெரிய நம்பரா இருக்கு, பாக்க நல்லால்லையே" என்றார் மேனேஜர். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரை எடுக்கவில்லை.

போன மாசம் பெரியவருக்கு அந்தப் பழைய சாக் கணக்குப் பக்கத்தின் சுட்டியை அனுப்பினேன், பாப் லில்லி பேர் இருக்கிற இடத்தை. டேஷ்போர்ட் பற்றியும் எழுதி, ரெண்டு தடவை அழித்து, மூணாவது தடவை எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. லில்லியின் கணக்கு ரொம்பக் குறைவு, தான் சின்ன வயசில் பார்த்ததே அதுக்கு மேல இருக்கும் என்று நாலு வரி சண்டை. டேஷ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.